சிவலிங்கம் வண்டிக்கு ஒரு ஜி.பி.எஸ்.

"டிராக்டர் வாங்கி வாடகைக்கு விடுறவன் டிரைவர் விசயத்துல ஒரு கண்ண…" என்று என் பெரியப்பா ஆரம்பிப்பார். மூடிக்கணும் என்று முடிப்பாரா, முழிச்சே வச்சிருக்கணும் என்று முடிப்பாரா, எனக்கு ஞாபகமில்லை. அப்போதெல்லாம் எனக்குக் கொடைக்கானல் பஸ்ஸைப் பிடித்துப் பள்ளி விடுதிக்குப் போய்ச் சேரும் அவசரம். வாடகை டிராக்டர் தொழிலின் சூட்சுமம் முழுக்க அந்த விட்டுப்போன வார்த்தையில்தான் இருக்கிறது என்பது நானே ஒன்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது. கேட்டுக்கொள்ளலாம் என்றால் பெரியப்பா இல்லை.

பள்ளியில் இங்கிலீஷும் வீட்டில் தமிழுமாகப் படித்தவன் நான். இரண்டு பாஷையிலும் திட்டு வாங்கத் தெரியும். பதினெட்டு வருஷம் ஆஸ்திரேலியாவில் கோதுமைப் பண்ணை இயந்திரங்களைப் பழுது பார்த்துவிட்டு, இரண்டாயிரத்து ஆறு வாக்கில் ஊர் திரும்பினேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் தங்கவேல் மச்சான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், பாதி போட, நான் பாதி போட, ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டுவதற்குத் தாண்டிக்குடியிலிருந்து சிவலிங்கம் வந்தார்.

சிவலிங்கம் என்னைவிட எட்டு வயது மூத்தவர். சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில் பிறந்து, வாலிப வயதில் பெற்றோருடன் கப்பலேறி வந்து, மலையில் காப்பித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் 'முடியாது' என்று சொல்ல மாட்டார், 'ஏலாது' என்பார். ஏதாவது தப்பு நடந்துவிட்டால், "என்னா சார், பத்துச்சீட்டா?" என்று கேட்டுச் சிரிப்பார். அங்கே தோட்டத்தில் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தும்போது கையில் கொடுத்தனுப்பும் காகிதத்துக்கு அந்தப் பெயர். அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். இரண்டே வருஷத்தில் ஊரில் யாரும் அதை என் வண்டி என்று சொல்லவில்லை. போன் பண்ணினால், "சிவலிங்கம் வண்டி சும்மா இருக்குதுங்களா?" என்றுதான் கேட்டார்கள்.

அப்புறம் அவருடைய சால், அதாவது கலப்பை கீறும் கோடு, கோண ஆரம்பித்தது. டிரைவரை மாற்று என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். மாற்றாமலிருக்க வழி தேடி நான் அலைந்த கதை இது. வண்டி வாடகைக்கு விட்டுத் தூக்கம் கெட்ட என் சக பாவிகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

மாடு படுக்க இடம்

பொன்னுத்தாயி அம்மா எங்கள் முதல் வாடிக்கை. நாலு ஏக்கரில் மக்காச்சோளமும் வெங்காயமும், தனியாளாக நின்று பார்ப்பவர். ஒரு நாள் வெள்ளனே ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. உழுதிருந்த காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போனார்.

கலப்பை ஒரு தடவை போன தடத்தை ஒட்டி அடுத்த தடம் விழ வேண்டும். இங்கே ஒரு இடத்தில் உழுததன் மேலேயே மறுபடி உழுதிருந்தது. பத்தடி தள்ளி, ஒரு ஆள் அகலத்துக்குக் கலப்பையே படாமல் புல்லோடு கிடந்தது. இப்படி ஏழெட்டு இடம். சிவலிங்கம் தூரத்தில் டீசல் கேனைத் தேவையில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தார். பொன்னுத்தாயி அம்மாதான் என்னைச் சமாதானப்படுத்தினார்:

"கொறையா சொல்லல தம்பி. உழுது வச்ச காட்டுல மாடு வந்தா எங்க படுக்கும்னு நெனச்சு, நடுவுல நடுவுல பாய் விரிச்சு வச்சிருக்காரு. அம்புட்டு நல்ல மனுசன்."

பாம்பைத் துரத்திய வண்டி

மகளுக்குப் பிரசவம் என்று சிவலிங்கம் இரண்டு நாள் மலையேறிப் போனார். நாச்சிமுத்து என்பவருக்குத் தக்காளிக் காடு. சொட்டுநீர்க் குழாய் போடுவதற்குப் பார் பிடிக்க வேண்டும், அதாவது செடி வைக்க நீள நீளமாக மண் அணைக்க வேண்டும். குழாய் வளையாது, பார் வளைந்தால் தண்ணீர் ஒரு பக்கமும் செடி ஒரு பக்கமும் நிற்கும். சோலியைத் தள்ளிப்போட முடியாது என்றார். நானே ஏறி உட்கார்ந்தேன்.

இயந்திரத்தைப் பிரித்துப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு திரும்பப் பூட்டிவிடுவேன். ஓட்டுவது வேறு வித்தை என்பது மூன்றாவது பாரில் தெரிந்தது. முன்னால் பார்த்தால் பின்னால் கோணுகிறது. பின்னால் திரும்பிப் பார்த்தால் முன்சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகிறது. நாச்சிமுத்து வரப்பில் நின்று கடைசி வரை பொறுமையாகப் பார்த்தார். நான் இறங்கியதும் ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க, பார் பிடிச்சீங்களா, இல்ல பாம்பு எதையாச்சும் தொரத்திக்கிட்டுப் போனீங்களா?"

வெள்ளைப் பாறை

சிவலிங்கத்தின் வித்தை என்னவென்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். எங்கள் காடுகளிலிருந்து தெற்கே பார்த்தால் மலை சுவர் போல நிற்கும். அதில் தாண்டிக்குடி ரோடு வளையும் இடத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் பாறை. டிராக்டரின் புகைக்குழாயை அந்தப் பாறைக்கு நேராக வைத்துக்கொண்டு ஓட்டுவாராம். "மொத சால் பாறையப் பாத்துப் போகும் சார். மத்ததெல்லாம் மொத சாலப் பாத்துப் போகும்" என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "அதுக்குப் பொறத்தாலதான் நம்ம வீடு" என்றார். ஒரு மனிதர் நாளெல்லாம் தன் வீட்டை நோக்கியே உழுதுகொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப இப்ப ஏன்ணே கோணுது?" என்றேன். மலையைக் காட்டி, "மேகம் கெடக்கு சார், பாறை தெரிய மாட்டேங்குது" என்றார். நான் பார்த்தேன். சித்திரை மாதத்து வானம், துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பாறை பளிச்சென்று தெரிந்தது. சாக்கு சொல்கிறார் என்று நினைத்தேன். மூத்தவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற நாச்சிமுத்துவுக்கு வந்தது:

"எங்க ஊருக்கு மழையே குடுக்காத மேகம், ஒங்க டிரைவருக்கு மட்டும் தெனம் வருதாக்கும்!"

வட்டக்கானல் சரக்கு

ஆஸ்திரேலியாவில் பண்ணைக்காரர்கள் செயற்கைக்கோளைப் பார்த்து உழுவார்கள். மேகம் வந்தாலும் அது மறையாது. சிவலிங்கத்துக்கு ஒரு பாறைதானே வேண்டும், வானத்தில் ஒன்று வைத்துக் கொடுப்போம் என்று எனக்கு யோசனை வந்தது. முதலில் மலிவான வழி. வட்டக்கானலில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், காட்டில் நடப்பவர்கள் கையில் வைத்துக்கொள்ளும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டுக் கொடைக்கானலுக்குப் போனேன்.

அந்த மனிதர் தாடியும் சடையுமாக இருந்தார். டீக்கடைக்குப் பின்னால் கூட்டிப்போய், ஒரு துணிப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மழைத் தூறலில் நனையாமலிருக்க இரண்டு பேரும் குனிந்து, கைக்குள் பொத்தி வைத்துப் பார்த்தோம். பேசி முடித்து நான் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினால், டீக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயை நீட்டிவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்:

"அண்ணே, பாத்தாப் படிச்சவரு மாதிரி இருக்கீங்க. இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்குண்ணே இந்தச் சரக்கு? வீட்டுல தெரியுமா?"

கையை எடுங்கள்

வீட்டில் தெரிந்திருந்தாலும் பாதகமில்லை, அந்தச் சரக்கு எங்களுக்கு உதவவில்லை. ஓரிடத்தில் அசையாமல் நின்றாலும் நாம் நாலடி நகர்ந்துவிட்டதாக அது சொல்லும். மலையில் வழி தவறினால் திரும்ப இது போதும். கலப்பைக்கு நாலடி என்பது ஒரு தடம். வாங்க நினைப்பவர்கள் வேண்டாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சிவலிங்கம் ஒரு நாள் அதை மடியில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, துடைத்து என்னிடமே கொடுத்தார்.

அடுத்து கோயம்புத்தூரில் ஒரு விற்பனைக் கூடம். அவரையும் கூட்டிப்போனேன். அங்கே டை கட்டிய ஒருவர் எங்களை ஒரு பெரிய டிராக்டரில் ஏற்றினார். "இப்போ ஸ்டியரிங்லேருந்து கையை எடுங்க" என்றார். சிவலிங்கம் எடுக்கவில்லை. டை கட்டியவரே சிரித்துக்கொண்டு அவர் விரல்களைப் பிரித்து எடுத்துவிட்டார். ஸ்டியரிங் பேய் பிடித்த மாதிரி தானாகத் திரும்பியது. வண்டி கயிறு பிடித்தாற்போல் நேராகப் போனது. விலையைக் கேட்டேன், எங்கள் டிராக்டரை விற்றாலும் வாங்க முடியாது. அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஏனென்றால், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வந்த சிவலிங்கம், பஸ் ஏறிப் பல்லடம் தாண்டியதும் வாயைத் திறந்தார்:

"அது நல்ல மெசின் சார். அப்ப எனக்குப் பத்துச்சீட்டா?"

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

ஈசானிய மூலை

மூன்றாவதாக வந்ததுதான் விளக்குப் பட்டை. வண்டியின் மூக்கில் காளான் மாதிரி ஒரு ஆன்டெனா ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு நேரே ஒரு சாண் நீளப் பட்டையில் வரிசையாகச் சின்ன விளக்குகள். நடுவில் பச்சை எரிந்தால் நேர். எந்தப் பக்கம் சிவப்பு எரிகிறதோ அந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும். ஓட்டுவது டிரைவர்தான், மெசின் கண்ணைக் காட்டும், அவ்வளவே. மேல்நாட்டில் பிசகைத் திருத்துவதற்குத் தனியாக ஒரு சமிக்ஞை வானத்திலிருந்து வரும், இங்கே அது கிடையாது. ஆகவே ஒரு தடம் முடித்துக் கையோடு அடுத்ததைப் பிடித்தால் ஒரு சாணுக்குள் நிற்கும். நடுவில் டீ குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் கோடு நகர்ந்திருக்கும். விலை நம் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது. பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கொடுத்தார்கள்.

சிவலிங்கத்துக்கு விளக்கினேன். "ஆரம்பிக்கிறப்ப ஏ பட்டனை அமுக்குங்க, முடிக்கிறப்ப பி அமுக்குங்க. ரெண்டையும் சேத்துக் கோடு போட்டுக்கிடும். அப்புறம் அந்தக் கோட்டையே பக்கத்துல பக்கத்துல காட்டும்." நன்றாகத் தலையாட்டினார். நாச்சிமுத்துவின் காட்டில் இறக்கினோம். புதுசாக எது செய்தாலும் ஈசானிய மூலையில் ஆரம்பிப்பது சிவலிங்கத்தின் வழக்கம். கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, காட்டை வலமாக ஒரு சுற்று சுற்றி, பழைய மூலைக்கே வந்து நின்ற பிறகுதான் கலப்பை இறங்கும். அன்றைக்கும் அப்படித்தான். கற்பூரம் கொளுத்தியதும் ஏ. சுற்றி வந்து நின்றதும் பி. நான் சொன்னபடியே, ஆரம்பித்ததும் முடித்ததும். இரண்டுக்கும் நடுவில் மூன்றடி தூரம்.

அந்த மூன்றடி எந்தப் பக்கம் பார்த்ததோ, அந்தப் பக்கமே மெசின் கோட்டை இழுத்துவிட்டது: குறுக்காக, வரப்பைத் தாண்டி, பக்கத்து வாழைத் தோட்டத்துக்குள். சிவலிங்கம் வரப்பு வரை போய் நின்று, "மேல போகச் சொல்லுது சார்" என்று கையைக் காட்டினார். அந்தத் தோட்டம் நாச்சிமுத்துவின் பங்காளியுடையது. இருவருக்கும் அந்த வரப்பினால் பேச்சே கிடையாது. நாச்சிமுத்து வாழையையும் மெசினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த மண்ணு மேல எனக்கு ஆசை இருக்கறது எங்க வீட்டுல கூடத் தெரியாதுங்க, இதுக்கு ஆரு சொன்னது?"

கார்த்திகை மாதிரி

கோட்டை அழித்து, ஏ இங்கே பி அங்கே என்று நானே நடந்து காட்டி, சரியாகப் போட்டுக் கொடுத்தேன். பிறகும் கோணியது. மெசின்தான் கோளாறு என்று நினைத்து, மறுநாள் மட்கார்டில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்தது. வலப்பக்கம் சிவப்பு, அவர் ஒடிக்கவில்லை. சிவப்பு ஒன்று, இரண்டு, மூன்று ஆனது. அவர் நேரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எந்த வெளக்கு எரியுது?"

"எரியுது சார்."

"எதுன்னு கேட்டேன்."

வண்டியை நிறுத்தினார். இன்ஜினையும் அணைத்தார். காடு திடீரென்று அமைதியானது. பட்டைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார், கையால் ஒரு கண்ணை மறைத்துப் பார்த்தார், பிறகு மறு கண்ணை.

"எல்லாம் ஒண்ணாத்தான் சார் எரியுது. கார்த்திகை மாதிரி."

அவர் கண்ணை அப்போதுதான் நான் கிட்டத்தில் பார்த்தேன். கருவிழிக்கு நடுவே, வெந்த மீன் கண்ணில் இருக்குமே, அந்த வெள்ளை. மேகம் பொய்யில்லை, அது மலையில் இல்லை, அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் இயந்திரத்தில் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். "எத்தன மாசமாண்ணே?" என்றேன். விரலை மடக்கி ஆறு என்று காட்டினார். "பின்ன எப்படி ஓட்டினீங்க?"

"பாறைய நான் பாக்கல சார். அங்கனதான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டே போனேன்."

பத்துச்சீட்டு

கண் புரை என்றார் டாக்டர். பெரிய விஷயமே இல்லை, முகாமில் சேர்ந்தால் செலவுகூடக் கிடையாது என்றார். கேட்டுக்கொண்டிருந்த சிவலிங்கத்தின் முகம் மட்டும் தெளியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் தூசியும் குலுக்கலும் ஆகாது என்று டாக்டர் சேர்த்துச் சொன்னதுதான் காரணம். அது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறார். அதனால்தான் ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சொன்னார். அங்கே, சிலோன் தோட்டத்தில், அவருடைய அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து இருபது நாள் லயத்தில் கிடந்தார். அவர் செய்த வேலைக்கு இன்னொருவரைப் போட்டார்கள், ஆள் எழுந்து வருகிற வரைக்கும் என்று சொல்லித்தான் போட்டார்கள். அப்பா எழுந்து போனபோது, கையில் காகிதம் கொடுத்தார்கள். இத்தனை நாளாக நான் கூடச் சேர்ந்து சிரித்த பகடி அது.

"வேற ஆள் சீட்டுல ஏறிட்டா பெறகு எறங்க மாட்டான் சார். அவன் மேல தப்பில்ல. அவனுக்கும் புள்ளக்குட்டி இருக்கும்ல."

மச்சானிடம் சொன்னேன். புரட்டாசி பிறந்துவிட்டது, மழைக்கு முன்னால் ஊரே வண்டி கேட்டு நிற்கும் நேரம். வண்டியைச் சும்மா நிறுத்துவது பாவம். மச்சான் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு அவரே வருவார். ஆனால் கமிஷன் கடைக்காரர். "மாப்ளே, ஒரு மாசந்தான? ஒரு ஆளப் போடு. அவரு வந்ததும் பாத்துக்கிடலாம். வெரசா முடிவச் சொல்லு, ஒரு பையன் கைவசம் இருக்கான்" என்றார். பாத்துக்கிடலாம் என்ற அந்த வார்த்தையை நான் சிலோன் தோட்டத்துத் துரை சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் இப்படித்தான் சொல்லியிருப்பார் என்று தோன்றியது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் போனேன். வலது கண்ணில் பஞ்சு வைத்து, மேலே பச்சைத் துணி. என் செருப்புச் சத்தத்தை வைத்தே தலையைத் திருப்பினார். மச்சான் வாங்கித் தந்த ஆப்பிள் மூன்றும் தொடாமல் இருந்தன. பொன்னுத்தாயி அம்மா எனக்கு முன்பே வந்து கட்டிலுக்கு அருகே உட்கார்ந்திருந்தார், தூக்குச்சட்டியில் ரசஞ்சாதத்தோடு. "சோளத்துக்கு உழுகணும் தம்பி, ஆரு வர்றா?" என்று கேட்டார். சிவலிங்கம் துணி மூடாத கண்ணால் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணிலும் மேகம். நான் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். பொன்னுத்தாயி அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்; ஏதோ புரிந்துவிட்டது.

"ஆத்தாடி, நீங்களா? இருக்கட்டும் தம்பி, ஒரு வருசம் பாம்புத் தடத்துலதான் சோளம் மொளைக்கட்டுமே."

மூன்று மெசின் பார்த்து, ஒரு டிரைவரை நேராக்கப் புறப்பட்டவன், அன்று மத்தியானமே விளக்குப் பட்டையை எனக்கென்று விலைக்கு வாங்கினேன். சிவலிங்கம் திரும்பி வருகிறவரை அந்தச் சீட்டில் நான் உட்காருவதென்று முடிவு செய்தேன்.